கைத்தொலைபேசி நிறுவனங்கள் இணைந்தால் தோட்டத்து மக்களுக்கு என்ன மிச்சம்?

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. வீட்டுக் கூடத்தில் தொங்கும் நாட்காட்டியின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதி வைத்த தொலைபேசி எண்கள். மூத்த மகனுக்கு 012. மருமகனுக்கு 013. கிள்ளானில் இருக்கும் சின்னம்மாவுக்கு 016. தொழிற்சங்கத்துக்காரருக்கு 019. முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே யார் எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் என்று சொல்லிவிடலாம். 012 என்றால் மேக்சிஸ். 013 என்றால் டி.எம். டச். 016 டிஜி. 017 டைம்செல். 018 மோபிகோம். 019 செல்கோம். ஆறு எண்கள், ஆறு பெயர்கள்.

அந்த எண்கள் அனைத்தும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால், பெயர்களில் பாதி காணாமல் போய்விட்டன. சில விற்கப்பட்டன, சில விழுங்கப்பட்டன, சில கைகோத்துக்கொண்டன. உலு யாம், பத்தாங் காலி, கோலசிலாங்கூர் வட்டாரங்களில் செம்பனைக்கு நடுவே வாழ்கின்ற குடும்பங்களை யாரும் கேட்டுவிட்டு இதைச் செய்யவில்லை. நிறுவனங்கள் இணையும்போது வாடிக்கையாளருக்கு என்ன நேர்கிறது? கட்டணம் குறையுமா, கூடுமா? 'லைன்' கிடைக்குமா, போகுமா? இதற்குப் பதில் தேட வேண்டுமென்றால் நாற்பது ஆண்டுக் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரே கடை இருந்த காலம்

தோட்டத்து மக்களுக்குப் போட்டி என்றால் என்னவென்று பொருளாதார நிபுணர்கள் வந்து விளக்க வேண்டியதில்லை. லயத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மளிகைக் கடை. கடன் புத்தகம் கடைக்காரரிடம். அவர் சொல்வதுதான் விலை, அவர் கொடுப்பதுதான் அரிசி. பிடிக்கவில்லை என்றால் பேருந்து ஏறிப் பட்டணத்துக்குப் போக வேண்டும். பேருந்துக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தால் கடைக்காரர் விலையே பரவாயில்லை என்று தோன்றும். தோட்டத்து வாசலில் இரண்டாவது கடை ஒன்று திறக்கப்பட்டால் மட்டும் முதல் கடைக்காரரின் குரல் தானாகவே இறங்கிவிடும்.

தொலைபேசியும் அப்படித்தான் தொடங்கியது. அரசாங்கத்தின் டெலிகோம் இலாகா ஒன்றுதான் கடை. 1985-ஆம் ஆண்டு 'ஆத்தூர்' என்ற பெயரில் 450 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நாட்டின் முதல் நடமாடும் தொலைபேசிச் சேவை வந்தது. கருவியின் விலை பல ஆயிரம் வெள்ளி. தோட்டத்துப் பாட்டாளிக்கு அது பார்ப்பதற்கு மட்டும்தான். அவருக்கு வாய்த்தது காசு போட்டுப் பேசுகின்ற பொதுத் தொலைபேசி. பாதிப் பேச்சில் காசு தீர்ந்துவிடும். சாவுச் செய்தியைக்கூட அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு.

1987-இல் டெலிகோம் இலாகா நிறுவனமாக மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே செல்கோம் பிறந்தது. 1989-இல் அதன் சேவை தொடங்கியபோது இரண்டாவது கடை வந்துவிட்டது என்று சொல்லலாம். 1990-களில் அரசாங்கம் உரிமங்களைத் தாராளமாக வழங்கியது. மோபிகோம், ஆடாம், எமார்டெல் என்று வரிசையாகப் பெயர்கள். 1995-இல் மேக்சிஸ் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் பிறந்த தமிழர் ஆனந்த கிருஷ்ணன் உருவாக்கிய நிறுவனம் என்பதால் நம் மக்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். அதே ஆண்டில் முத்தியாரா என்ற நிறுவனமும் களமிறங்கியது. அதுதான் பின்னர் மஞ்சள் நிற டிஜி ஆனது.

இதே காலத்தில் வட சிலாங்கூரில் தோட்டங்கள் உடைந்துகொண்டிருந்தன. ரவாங், செரண்டா, புக்கிட் பெருந்தோங் என்று பால்மரம் நின்ற நிலமெல்லாம் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பிள்ளைகள் சுங்கை சோவில் உள்ள கார் தொழிற்சாலைக்கும் ரவாங் கம்பெனிகளுக்கும் 'ஷிப்ட்' வேலைக்குப் போனார்கள். தாய் தகப்பன் தோட்டத்தில், பிள்ளை பட்டணத்தில். இடையில் இருந்த ஒரே பாலம் கைத்தொலைபேசி. மாத வாடகை இல்லாத முன்பண அட்டைகள் வந்த பிறகு அந்தப் பாலம் ஏழைக்கும் திறந்தது.

2003: ஐந்து மூன்றான கதை

ஒரு சிறிய நாட்டுக்கு இத்தனை நிறுவனங்கள் தேவையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கோபுரம் நட வேண்டும், தனித்தனியாக வெளிநாட்டுக் கருவிகளை வாங்க வேண்டும். 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. டாலருக்கு 2 வெள்ளி 50 காசு என்ற அளவில் இருந்த நாணய மதிப்பு சரிந்து, 1998 செப்டம்பரில் 3 வெள்ளி 80 காசு என்று நிலைநிறுத்தப்பட்டது. டாலரில் கடன் வாங்கியவர்களும் கருவி வாங்கியவர்களும் தத்தளித்தார்கள். நிறுவனங்கள் ஒன்றுசேர வேண்டும் என்பதே அரசாங்கத்தின் விருப்பமாகவும் இருந்தது.

2000-களின் தொடக்கத்தில் களத்தில் நின்றவர்கள் ஐவர்: செல்கோம், மேக்சிஸ், டிஜி, டெலிகோமின் டி.எம். டச், ஆடாமின் வாரிசான டைம்செல். 2003-ஆம் ஆண்டில் செல்கோமும் டி.எம். டச்சும் ஒரே குடையின் கீழ் வந்தன. அதே ஆண்டில் டைம்செல்லை மேக்சிஸ் வாங்கியது. ஐந்து, மூன்றானது. 013-உம் 019-உம் ஒரு வீடு. 012-உம் 017-உம் ஒரு வீடு. 016 மட்டும் தனி வீடு.

இதனால் வாடிக்கையாளருக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. 017 வைத்திருந்தவருக்கு மேக்சிஸின் கோபுரங்களும் சேர்ந்து கிடைத்தன. முன்பு 'லைன்' இல்லாத இடத்தில் இப்போது பேச முடிந்தது. இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே செலவழித்த பணத்தை ஒரே நிறுவனம் மிச்சப்படுத்தவும் முடிந்தது.

ஆனால், அந்த மிச்சம் வாடிக்கையாளரின் சட்டைப் பைக்கு வருமா, முதலாளியின் கணக்குக்குப் போகுமா என்பதை முடிவு செய்வது வேறொன்று. வாடிக்கையாளரை இழுத்துக்கொள்ளக் காத்திருக்கும் பசியுள்ள போட்டியாளர் ஒருவர் மிச்சமிருக்கிறாரா என்பதுதான் அது. 2003-க்குப் பிறகு அப்படி ஒருவர் இருந்தார். மூன்றாவது இடத்தில் நின்ற டிஜி, குறைந்த கட்டணத்தையும் எளிய திட்டங்களையும் வைத்து இளைஞர்களையும் தொழிலாளர்களையும் கவர்ந்தது. பெரியவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. ஐந்து மூன்றான பிறகும் போட்டி சாகாமல் இருந்ததற்கு அந்த மூன்றாவது ஆள் ஒரு முக்கியக் காரணம்.

மலையடிவாரத்தில் எத்தனை கடை?

இங்கேதான் உலு யாம் மக்களின் கதை பட்டணத்துக் கதையிலிருந்து பிரிகிறது. செலாயாங்கிலிருந்து பத்து அணையைத் தாண்டிக் காட்டுப் பாதையில் உலு யாம் பாருவுக்கு வருகின்றவர்களுக்கு அது தெரியும். ஒரு வளைவில் பேச்சு கேட்கும், அடுத்த வளைவில் அறுந்துபோகும். கோலசிலாங்கூர் பக்கம் நிலம் தட்டையாக இருப்பதால் ஒரு கோபுரத்தின் அலை தடையின்றி ஓடும். தித்திவங்சா மலைத் தொடரின் அடிவாரத்தில் அப்படி இல்லை. மேடும் பள்ளமும் மரமும் அலையை மறித்துவிடும்.

அலைவரிசைக்கும் இதில் பங்குண்டு. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2100, 2600 போன்ற உயர்ந்த அலைவரிசைகள் நிறையத் தகவலைச் சுமக்கும், ஆனால் தூரம் போகாது. ஆகவே, தாழ்ந்த அலைக்கற்றை யாரிடம் அதிகம் இருக்கிறதோ, அவர் குறைந்த கோபுரங்களை வைத்துத் தோட்டப்புறத்தைப் பிடித்துவிடலாம். டிஜி 1800-இல் தொழிலைத் தொடங்கிய நிறுவனம். 2016-இல் 900 அலைக்கற்றையை அரசாங்கம் மறுபங்கீடு செய்தபோதுகூட, செல்கோமுக்கும் மேக்சிஸுக்கும் தலா இரு பத்து மெகாஹெர்ட்ஸ், டிஜிக்கும் யூ மொபைலுக்கும் தலா இரு ஐந்து மெகாஹெர்ட்ஸ் என்றுதான் பிரிக்கப்பட்டது. சிறியவர்களுக்குப் பெரியவர்களில் பாதி.

பட்டணத்தில் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன என்றால் நான்கு கடைகள் என்று பொருள். மலையடிவாரத் தோட்டத்தில் எத்தனை நிறுவனத்தின் அலை வீட்டுக்குள் வருகிறதோ, அத்தனை கடைகள்தான். சில வீடுகளுக்கு அது இரண்டு, சில வீடுகளுக்கு ஒன்று. இரண்டு கடை உள்ள இடத்தில் அந்த இரண்டு கடைக்காரர்களும் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும்? நாட்டுக் கணக்கில் நான்கு மூன்றாகும். அந்த வீட்டுக் கணக்கில் இரண்டு ஒன்றாகிவிடும்.

2008 அக்டோபரில் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அருமையான உரிமை. அதன் பிறகு 012 என்றால் மேக்சிஸ்தான் என்று யாரும் சொல்ல முடியாது. வேலை விண்ணப்பத்திலும் பிள்ளையின் பள்ளிப் பதிவிலும் கொடுத்த எண்ணை இழக்காமல், பிடிக்காத நிறுவனத்தை விட்டு வெளியேறலாம். ஆனால், வெளியேறிப் போவதற்கு இன்னொரு வாசல் வேண்டுமல்லவா? வீட்டில் வேறு நிறுவனத்தின் அலை இல்லாதவருக்கு அந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

2022: மூன்றாவது ஆளும் இணைந்தார்

2019 மே மாதத்தில் ஒரு செய்தி வந்தது. செல்கோமின் தாய் நிறுவனமான ஆசியாத்தாவும் டிஜியின் பெரும்பங்கை வைத்திருந்த நார்வே நாட்டின் டெலினோரும் ஆசியா முழுவதும் உள்ள தங்கள் தொழில்களை இணைக்கப் பேசுகின்றன என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அந்தப் பேச்சு முறிந்தது. ஆனால், 2021-இல் மலேசியாவை மட்டும் மையமாக வைத்துப் பேச்சு மீண்டும் தொடங்கியது. ஜூன் மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2003-இல் இரண்டு பெரியவர்களையும் தூங்கவிடாமல் செய்த அந்த மூன்றாவது ஆள், இப்போது பெரியவர் ஒருவரோடு சேரப் போகிறார்! மலாய்க்காரர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: யானையும் யானையும் மோதிக்கொண்டால் நடுவில் சாவது சருகுமான். யானைகள் சண்டையை நிறுத்திவிட்டுத் தும்பிக்கை கோத்துக்கொண்டால் சருகுமான் என்ன செய்யும்?

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் இயற்றப்பட்டபோது, நிறுவன இணைப்புகளை முன்கூட்டியே ஆராய்ந்து தடுக்கும் விதி அதில் இடம்பெறவில்லை. தொலைத்தொடர்புத் துறையோ அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டது. அத்துறைக்குப் பொறுப்பு, 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டமும் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமும்தான். போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் நோக்கில் உரிமதாரர் செயல்படக் கூடாது என்று அச்சட்டத்தின் 133-ஆவது பிரிவு சொல்கிறது. இணைப்புகளை எப்படி ஆராய்வது என்ற வழிகாட்டியை 2019-இல்தான் ஆணையம் வெளியிட்டது.

2022 ஏப்ரலில் ஆணையம் தன் கவலையைப் பகிரங்கமாகச் சொன்னது. இந்த இணைப்பு போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடும் என்பதே அதன் முதல் கருத்து. அதன் பிறகு இரு நிறுவனங்களும் உறுதிமொழிகளோடு திரும்பி வந்தன. 70 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையைக் கட்டம் கட்டமாகத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. செல்கோமின் யூடூ என்ற வணிகச் சின்னத்தைக் கைவிட ஒப்புக்கொண்டன. சொந்தக் கோபுரம் இல்லாமல் பெரிய நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் சிறு நிறுவனங்களுக்கு எனத் தனிப் பிரிவு ஒன்றை அமைக்கவும் சம்மதித்தன. ஜூன் மாத இறுதியில் ஆட்சேபம் இல்லை என்று ஆணையம் அறிவித்தது. 2022 நவம்பர் 30-ஆம் நாள் இணைப்பு நிறைவேறியது. ஆசியாத்தாவுக்கும் டெலினோருக்கும் தலா 33.1 விழுக்காட்டுப் பங்கு. சுமார் 2 கோடி வாடிக்கையாளர்களுடன் நாட்டின் ஆகப் பெரிய கைத்தொலைபேசி நிறுவனமாக செல்கோம்டிஜி எழுந்தது.

சிறு நிறுவனங்களைப் பற்றிய உறுதிமொழி தோட்டத்து மக்களுக்கு அற்ப விஷயமல்ல. டியூன் டாக், ரெட்ஒன், எக்ஸ்ஓஎக்ஸ் போன்ற மலிவு அட்டைகள் செல்கோமின் கோபுரங்களை நம்பித் தொழிலைத் தொடங்கியவை. மொத்த வியாபாரி விலையை ஏற்றினால் சில்லறை வியாபாரி எங்கே போவார்? மலிவு அட்டையை வாங்குகின்றவர் எங்கே போவார்?

அக்கம் பக்கத்தில் நடந்தவை

இந்தக் கவலை மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. பக்கத்து நாடான தாய்லாந்தில் அதே டெலினோரின் டிடேக் நிறுவனமும் ட்ரூ நிறுவனமும் 2023 மார்ச்சில் இணைந்தன. இலங்கையில் ஆசியாத்தாவின் டயலாக் நிறுவனம் 2024-இல் ஏர்டெல் லங்காவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிரிட்டனில் வோடஃபோனும் த்ரீ நிறுவனமும் 2025-இல் இணைந்தபோது, கோபுரங்களில் 1,100 கோடி பவுன் முதலீடு செய்ய வேண்டும், குறிப்பிட்ட சில கட்டணத் திட்டங்களை மூன்று ஆண்டுகளுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று அங்குள்ள போட்டி ஆணையம் கட்டளையிட்டது.

இணைப்பு நடக்காமல் போனாலும் ஆபத்து வரலாம் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் நிறுவனத்தை 2006-இல் நம் நாட்டு மேக்சிஸ் தன்வசப்படுத்தியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணப் போரைத் தொடங்கியது. ஏர்செல்லும் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் இணைவதாக அறிவித்தன. 2017 அக்டோபரில் அது கைவிடப்பட்டது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனு போட்டது. திடீரென்று 'சிக்னல்' செத்துப்போன கைத்தொலைபேசிகளோடு தமிழ்நாடெங்கும் மக்கள் கடைகளின் முன் திரண்டார்கள். எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள மாற்று நிறுவனம் தேடி அலைந்தார்கள். நட்டத்தில் மூழ்கும் நிறுவனத்தைப் பிடித்து வைத்தால் மட்டும் போட்டி காப்பாற்றப்படுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே 2018-இல் வோடஃபோனும் ஐடியாவும் இணைந்தன. அத்தனை பெரிய நாட்டில் தனியார் துறையில் மூவரே மிஞ்சினார்கள். 2024 ஜூலைத் தொடக்கத்தில் அந்த மூவருமே ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தினார்கள். கோபம் கொண்ட வாடிக்கையாளர்கள் அரசாங்க நிறுவனமான பி.எஸ்.என்.எல். பக்கம் ஓடினார்கள். ஓடுவதற்கு ஓரிடம் இருந்தது. அதுதான் பாடம்.

இனி யார் பசியுள்ளவர்?

மலேசியாவில் டிஜியின் பழைய இடம் இன்று யூ மொபைலுக்கு வந்திருக்கிறது. பழைய மோபிகோமின் 018 எண்ணோடு வந்த இந்த நிறுவனம் ஆரம்ப காலத்தில் போதிய கோபுரம் இல்லாமல் தடுமாறியது. 2011-இல் மேக்சிஸின் 3ஜி கோபுரங்களைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் செய்தது. போட்டியாளரிடமே கோபுரத்தை இரவல் வாங்கிப் போட்டியிட வேண்டிய நிலை. 2021-இல் நாடு முழுவதற்கும் ஒரே 5ஜி கட்டமைப்பு என்று தொடங்கிய அரசாங்கம், பின்னர் இரண்டாவது கட்டமைப்பும் வேண்டும் என்று முடிவெடுத்தது. 2024 நவம்பரில் அந்தப் பொறுப்புக்கு யூ மொபைல் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரே கடை போதாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால், அந்த இரண்டாவது கடை ரவாங்கோடு நின்றுவிடுமா, உலு யாம் வரை வருமா? வியாபாரக் கணக்கு மட்டும் பார்த்தால் ஐம்பது வீடு உள்ள தோட்டத்துக்காக யாரும் கோபுரம் நடமாட்டார்கள். அதற்காகத்தான் அனைவருக்கும் சேவை என்ற நிதி இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அந்த நிதிக்குச் செலுத்துகின்றன. அந்தப் பணம் தங்கள் பகுதிக்கும் வர வேண்டும் என்று கேட்கும் உரிமை தோட்டத்து மக்களுக்கு உண்டு. சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் தேர்தல் காலத்தில் வரும்போது சாலை, கோயில் மானியம் இவற்றோடு இந்தக் கேள்வியையும் வைக்கலாம்: எங்கள் லயத்தில் எத்தனை நிறுவனத்தின் அலை கிடைக்கிறது?

அடுத்த இணைப்புச் செய்தி வரும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். இணைந்த பிறகு குறைந்த விலையில் வாடிக்கையாளரை இழுக்கக்கூடிய நிறுவனம் ஏதாவது மிச்சமிருக்கிறதா? அதன் கோபுரம் நம் ஊருக்கு எட்டுகிறதா? ஒரே இடத்தில் இரண்டு கோபுரம் இருக்கிறது என்று ஒன்றைக் கழற்றும்போது, மிஞ்சுகின்ற கோபுரம் இருவரின் பாரத்தையும் தாங்குமா?

தனி மனிதர் செய்யக்கூடியதும் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் வேறு நிறுவனத்தின் முன்பண அட்டை ஒன்றை இரவல் வாங்கி, வீட்டின் சமையலறையிலும் பிள்ளை படிக்கும் மேசையிலும் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். 'லைன்' விட்டு விட்டு வந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்து மூலம் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பதில் இல்லையென்றால் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் போகலாம். ஒருவர் புகார் செய்தால் அது குறைபாடு. ஒரு தோட்டமே சேர்ந்து புகார் செய்தால் அது கோரிக்கை.

கோவிட் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியே வகுப்பறையானது. இன்று சம்பளம் வங்கிக்குள் போகிறதா, அரசாங்க உதவித் தொகை வந்துவிட்டதா, மருத்துவமனையில் எப்போது முறை என்று பார்ப்பதற்கும் அதே கருவிதான். பெரிய நிறுவனங்கள் கோலாலம்பூரில் கையெழுத்துப் போடுகின்ற காகிதம் மலையடிவாரத்து வீட்டின் சமையலறை வரை வருகிறது. அந்த வீட்டில் இருப்பவருக்குப் போவதற்கு இரண்டாவது வாசல் ஒன்று இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய கடமை அந்த வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, அவரின் பெயரால் பதவியில் இருக்கின்ற எல்லாருக்கும் உண்டு.